பன்னிரண்டு வாரப் பூட்டு

2008ஆம் ஆண்டில் கணினி கேம்களின் காலம் முடிந்தது என்று சொல்லாதவர்கள் குறைவு. க்ரைசிஸ் கேமை உருவாக்கிய ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனத் தலைவர், திருட்டுப் பிரதிகளின் தொல்லை தாங்காமல் இனிக் கணினிக்கு மட்டுமென்று கேம் செய்வதைக் கைவிடப்போவதாக அறிவித்தார். கணினியில் பிறந்து வளர்ந்த எபிக் நிறுவனம் கியர்ஸ் ஆஃப் வார் இரண்டாம் பாகத்தை எக்ஸ்பாக்ஸ் 360க்கு மட்டும் வெளியிட்டது. பிரதி எடுப்பதைத் தடுக்கும் எந்தப் பூட்டும் இல்லாமல் வந்த வேர்ல்ட் ஆஃப் கூ என்ற சிறிய கேமின் படைப்பாளிகள், அதை ஆடுபவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் காசு கொடுக்காதவர்கள் என்று மதிப்பிட்டார்கள். இவற்றிலிருந்து பலரும் எடுத்த முடிவு ஒன்றே: கணினி திறந்த வீடு, கன்சோல் பூட்டிய வீடு, முதல் போடுகிறவர்கள் பூட்டிய வீட்டுக்குத்தான் குடிபோவார்கள். அந்த முடிவு பொய்த்தது. 2025 மார்ச்சில் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் இணைந்திருந்தவர்கள் 4 கோடியைத் தாண்டினார்கள். தன் கேம்களைத் தன் கன்சோலுக்கு வெளியே விடாத சோனி, ஹொரைசன் ஜீரோ டான் கேமை 2020ல் கணினிக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பூட்டே இல்லாத கேம்களை விற்கும் ஜிஓஜி கடையிலும் அதை வைத்தது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களைக் கன்சோலுக்கும் கணினிக்கும் ஒரே நாளில் வெளியிடுகிறது. கணிப்பு ஏன் தவறியது என்று கேட்பது வெறும் வரலாற்று ஆர்வமல்ல. அன்று அப்படிக் கணிக்கவைத்த நம்பிக்கைதான் இன்றும் பூட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடவைக்கிறது.

கன்சோலின் பூட்டு எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதில் பூட்டுச் சில்லு இல்லை. 1985ல் அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்ற பெயரில் போனபோதுதான் பெட்டிக்குள் ஒன்றும் ஒவ்வொரு கேம் கேட்ரிட்ஜுக்குள் ஒன்றுமாக 10என்இஎஸ் சில்லு வைக்கப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் கேம் ஓடும். அதற்குச் சற்று முன், யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கேம் செய்து குவித்ததில் அட்டாரியைச் சுற்றியிருந்த அமெரிக்கச் சந்தை 1983ல் நொறுங்கியிருந்தது. எனவே அந்தச் சில்லின் முதல் வேலை பிரதி எடுப்பவரைத் தடுப்பதல்ல. அனுமதி பெறாத தயாரிப்பாளரைத் தடுப்பது. நின்டெண்டோ அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து கேம்தான் வெளியிடலாம் என்று வரம்பு விதித்தது, உரிமத்தொகை வாங்கியது. அட்டாரி கேம்ஸ் அந்தச் சில்லின் வேலையைத் தானே செய்துகொள்ள முயன்றது. வழக்கில் 1992ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்டெண்டோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. திருட்டைத் தடுக்கிறோம் என்ற பேச்சுக்குள் யார் விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்ற அதிகாரமும் சேர்ந்தே வந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தவை பிடிபடும்.

பூட்டின் பலம்தான் ஒரு கருவியின் தலைவிதியை முடிவு செய்கிறது என்றால் விற்பனைக் கணக்கு அதைக் காட்ட வேண்டும். அது நேர்மாறாக இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2க்குள் பூட்டை ஏமாற்றும் மோட் சிப் பொருத்துவது உலகின் பல நகரங்களில் ஒரு கைத்தொழிலாகவே நடந்தது. சென்னையில் ரிச்சி தெருவையும் பர்மா பஜாரையும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே பிளேஸ்டேஷன் 2தான் 16 கோடி என்ற எண்ணிக்கையில் வரலாற்றிலேயே அதிகம் விற்ற கன்சோல். திருட்டுப் பிரதிகளை ஓட்டவைத்த ஆர்4 போன்ற கார்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில்தான் நின்டெண்டோ டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. மாறாக, 2013ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் பாதுகாப்புப் பொறியியலில் ஒரு சாதனை. பல ஆண்டுகள் அதில் ஒரு திருட்டு கேமைக்கூட யாராலும் ஓட்ட முடியவில்லை. ஆனால் போட்டியாளரான பிளேஸ்டேஷன் 4 விற்றதில் பாதிகூட அது விற்கவில்லை. டிரீம்காஸ்ட் நினைவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். பெட்டியைத் திறக்காமலேயே, சாதாரண சிடியில் எழுதிய பிரதியை 2000ல் அதில் ஓட்ட முடிந்தது. 2001ல் சேகா அதைக் கைவிட்டது. ஆனால் டிரீம்காஸ்ட் பிறக்கும்போதே சேகா முந்தைய கருவியான சாட்டர்ன் தந்த நட்டத்தில் இருந்தது. எதிரே பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்ற காத்திருப்பு. பெரிய நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்குக் கேம் செய்ய மறுத்திருந்தது. நோயாளியின் பல நோய்களில் திருட்டும் ஒன்று என்பது சரி. அதனால்தான் இறந்தார் என்பதற்குச் சான்று இல்லை. திருட்டு வலிப்பதில்லை என்பதல்ல என் வாதம். கருவிகளுக்கிடையிலான போட்டியை அது தீர்மானிக்கவில்லை என்பதே.

கணினிப் பக்கம் திரும்பினால், பூட்டு யார் மேல் விழுந்தது என்பது தெளிவாகத் தெரியும். 2008 செப்டம்பரில் ஸ்போர் வந்தது. காசு கொடுத்து வாங்கியவர் அதை மூன்று முறைதான் நிறுவி ஆக்டிவேட் செய்யலாம் என்று செக்யூராம் பூட்டு கட்டுப்படுத்தியது. ஆத்திரமடைந்த வாங்குநர்கள் அமேசான் தளத்தில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அந்த ஆண்டில் டொரன்ட் வழியாக அதிகம் இறக்கப்பட்ட கேமும் அதுதான்; சுமார் 17 லட்சம் தடவை என்று கணக்கிடப்பட்டது. பூட்டு திருடியவரைத் தொடவே இல்லை. 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட், தனியாளாக ஆடும் அசாசின்ஸ் கிரீட் 2க்கே எந்நேரமும் இணைய இணைப்பு வேண்டும் என்றது. வந்த சில நாட்களில் அதன் சர்வர்கள் தாக்கப்பட்டு முடங்க, பணம் கொடுத்தவர்கள் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2012ல் அந்த முறையைக் கைவிட்டதாக நிறுவனமே சொன்னது. 2013 மார்ச்சில் சிம்சிட்டி வந்தபோது சர்வர் நெரிசலில் பல நாட்கள் பலராலும் ஊரைக் கட்ட முடியவில்லை. கேமின் கணக்கீடுகள் சர்வரில் நடப்பதால் இணைப்பில்லாமல் ஓட்டுவது எளிதல்ல என்று விளக்கம் வந்தது. ஒரே ஆண்டில் இணைப்பில்லாமல் ஓடும் வசதியும் வந்தது. இவையாவது ஆறிப்போன புண்கள். இதைவிடப் பெரிய சேதம் ஓசையில்லாமல் நடந்தது. 2000களின் நூற்றுக்கணக்கான சிடி, டிவிடி கேம்கள் சேஃப்டிஸ்க் பூட்டோடு வந்தவை. அந்தப் பூட்டின் டிரைவர் கணினியின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று 2015ல் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. அன்றிலிருந்து, அலமாரியில் அசல் டிவிடி வைத்திருப்பவர் அதை ஆடத் திருடர் செய்த கிராக்கை, அதாவது பூட்டை உடைத்த பதிப்பை, தேட வேண்டும். பூட்டு செய்தவர் போய்விட்டார், பூட்டு இருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் டெனுவோவைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தொடங்கிய அந்நிறுவனத்தின் பூட்டு 2014ல் ஃபிஃபா 15 கேமோடு புழக்கத்துக்கு வந்தது. 2018ல் இர்டெட்டோ அந்நிறுவனத்தை வாங்கியது. பழைய பூட்டுகள் வாசலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விலகிக்கொள்ளும். அந்தக் கேள்வியை நீக்கிவிட்டால் கிராக் முடிந்தது. டெனுவோவோ கேமின் கட்டளைகளுக்குள்ளேயே தன்னைப் பல இடங்களில் பின்னிக்கொள்கிறது, ஒவ்வொரு கணினிக்கும் தனி அனுமதியை சர்வரிலிருந்து பெறுகிறது. பிரித்தெடுக்க மாதங்கள் ஆகும், சிலவற்றை யாரும் பிரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இது வேலை செய்கிறதா என்பதற்கு நீண்ட நாள் நம்பிக்கையும் சாபமும்தான் பதிலாக இருந்தன. 2024ல் வெளியான ஓர் ஆய்வு முதன்முறையாகக் கணக்கோடு பேசியது. 2014 முதல் 2022 வரை டெனுவோவோடு ஸ்டீமில் வந்த 86 கேம்களை எடுத்துக்கொண்டு, எந்த வாரத்தில் பூட்டு உடைந்தது, அதன்பின் வருமானம் எப்படி மாறியது என்று அது பார்த்தது. வெளியான முதல் வாரத்திலேயே உடைந்தால் மொத்த வருமானத்தில் சராசரியாகச் சுமார் 20 சதவீதம் போகிறது. வாரங்கள் செல்லச் செல்ல இழப்பு சுருங்குகிறது. 12 வாரம் தாண்டிய பிறகு உடைந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை. பூட்டுக்கு ஆதரவானவர்கள் 20 சதவீதத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள், எதிர்ப்பவர்கள் அந்த எண்ணைப் பார்க்காததுபோல் கடந்துவிடுகிறார்கள். இரண்டு எண்களையும் சேர்த்து வாசித்தால் ஒரே பொருள்தான் வருகிறது. பூட்டு வாங்கித் தருவது காலம். அந்தக் காலத்தின் மதிப்பு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகிறது. அதன் பிறகும் பூட்டு தொங்கிக்கொண்டிருப்பதால் தயாரிப்பாளருக்கு வரவு எதுவுமில்லை, வாங்கியவருக்குச் செலவு மட்டும் தொடர்கிறது.

செலவா, என்ன செலவு என்று கேட்பவர்கள் உண்டு. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் 2021ல் வந்தபோது சண்டைக் காட்சிகளில் கணினிப் பதிப்பு திக்கித் திக்கி ஓடியது. டெனுவோவோடு கேப்காம் தன் சொந்தப் பூட்டையும் அடுக்கியிருந்தது. கிராக் வந்ததும் அது சீராக ஓடியதைப் பலரும் சோதித்துப் பார்த்தார்கள்; கேப்காமும் திருட்டுத் தடுப்பு நுட்பத்தைச் சீர்செய்ததாகச் சொல்லி ஒரு பேட்ச் வெளியிட்டது. எல்லா டெனுவோ கேமும் இப்படித் திணறுவதில்லை. பெரும்பாலானவற்றில் வேறுபாட்டை அளப்பதே கடினம். ஆகவே வேகத்தை மட்டும் வைத்து வாதாடுவது பலவீனமான வாதம். உண்மையான செலவு எதிர்காலத்தில் இருக்கிறது. அனுமதி தரும் சர்வர் எத்தனை ஆண்டு இருக்கும் என்பது வாங்கியவரின் கையில் இல்லை என்பதே அது. சேஃப்டிஸ்குக்கு நடந்தது டெனுவோவுக்கு நடக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை.

எதிர்முனையிலிருந்து வரும் ஆட்சேபமும் கவனிக்கத்தக்கது: திருட்டுப் பிரதியால் யாருக்கும் நட்டமே இல்லை, அது விளம்பரம்தான். இதற்கும் சான்று காட்டுவார்கள். ஐரோப்பிய ஆணையம் செய்வித்து, வெளியிடாமல் வைத்திருந்து, 2017ல் வெளிச்சத்துக்கு வந்த ஆய்வு, திருட்டுப் பிரதிகள் கேம் விற்பனையைக் குறைப்பதாகக் காணவில்லை. சற்றே கூட்டுவதாகக்கூடக் கண்டது. அதற்கு முன் 2008ல், சிறு கேம்களை விற்ற ரிஃப்ளெக்சிவ் நிறுவனம் தன் பூட்டைப் பலமுறை மாற்றிப் பார்த்து, 1000 திருட்டு இறக்கங்களைத் தடுத்தால் ஒரு விற்பனை கூடுகிறது என்று கண்டுபிடித்தது. இதையும் அந்த 20 சதவீதத்தையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திருட்டுப் பிரதி எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நிலையிலும் வாங்கப்போவதில்லை. காசில்லாத மாணவர், அந்த விலை மாதச் சம்பளத்தில் பெரும்பங்காக இருக்கும் நாட்டுக்காரர். ஆனால் எல்லோரும் பேசும் பெரிய கேம் வெளியான முதல் சில வாரங்களில், வாங்கும் வசதியிருந்தும் பொறுமையில்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. கேட்டவுடன் இலவசமாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் வாங்கிவிடும். சிறிய, மலிவான கேமில் அந்தக் கூட்டம் ஆயிரத்தில் ஒருவர். 60, 70 டாலர் விலையுள்ள பெரிய கேமில் அது எடை கூடிய கூட்டம். ஐந்தாண்டு உழைத்த நூற்றுக்கணக்கானோரின் சம்பளம் அந்த முதல் மாத விற்பனையில்தான் இருக்கிறது. அந்த வாரங்களில் பூட்டுப் போடுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனாலும் கணினியைக் காப்பாற்றியது பூட்டல்ல. 2004ல் ஹாஃப் லைஃப் 2 ஆட ஸ்டீம் கட்டாயம் என்றபோது அதையும் பூட்டென்றே பலர் வெறுத்தார்கள், அது பூட்டும்தான். ஆனால் பூட்டோடு அது வேறு பலவற்றைக் கொடுத்தது: எந்தக் கணினியிலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், பேட்ச் தானாக வரும், ஆடிய நிலை சேமிப்பாகும், பிற்பாடு வந்த விதிப்படி பிடிக்கவில்லையென்றால் பணம் திரும்பும். திருட்டு என்பது விலைச் சிக்கலைவிடச் சேவைச் சிக்கல் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் 2011ல் வாதிட்டபோது அவர் காட்டிய உதாரணம் ரஷ்யா. எல்லாரும் திருடர்கள், அங்கே விற்கப் போகாதே என்று எச்சரிக்கப்பட்ட நாடு, ஐரோப்பாவில் ஸ்டீமின் பெரிய சந்தையாக வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளூர் மொழியில், வெளியான அன்றே கேமைக் கொடுத்ததுதான் காரணம். போலந்தின் கதை இன்னும் அழுத்தமானது. சிடி ப்ராஜெக்ட் 1994ல் தொடங்கியபோது வார்சாவின் சந்தைகளில் திருட்டு சிடிதான் வணிகம். 1999ல் பால்டர்ஸ் கேட் கேமை முழுக்கப் போலிஷ் மொழியில் பேசவைத்து, வரைபடமும் புத்தகமும் வைத்த கனத்த பெட்டியில் அவர்கள் விற்றார்கள். திருட்டுச் சந்தையால் கொடுக்க முடியாததைக் கொடுத்தார்கள். 2008ல் பூட்டில்லா ஜிஓஜியைத் தொடங்கினார்கள். விட்சர் 3 2015ல் முதல் நாளே அங்கே பூட்டின்றிக் கிடைத்தது. 2023க்குள் எல்லாக் கருவிகளிலும் சேர்த்து 5 கோடிப் பிரதிகள் விற்றது. 2023ன் பால்டர்ஸ் கேட் 3, 2025ன் ஹாலோ நைட் சில்க்சாங் இரண்டும் அதே வழியில் வந்து, கடைகளைத் திணறடிக்கும் அளவுக்கு விற்றன. இவை எல்லாம் முன்பே ரசிகர் கூட்டம் சேர்த்தவை, எல்லாருக்கும் இது வாய்க்காது என்பது நியாயமான பதில்தான். ஆனாலும் வாங்குபவருக்கு ஏற்றதைக் கொடுத்தால் வாங்குவார்கள் என்ற பாடம் விலை விஷயத்திலும் கிடைக்கிறது. 2015 நவம்பரில் ஸ்டீம் இந்தியாவில் ரூபாயில் விலை சொல்லத் தொடங்கியது. ஒரு நாட்டின் வருமானத்துக்கு ஏற்ற விலை அங்கே திருட்டோடு போட்டியிடும் அசல் ஆயுதம். 2023ல் துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் ஸ்டீம் உள்ளூர் நாணயத்தை விட்டு டாலருக்கு மாறியபோது பல கேம்களின் விலை பல மடங்கு ஏறியது. அது அந்த ஆயுதத்தைக் கீழே போட்ட செயல்.

திருட்டை உண்மையிலேயே ஒழித்த வழி ஒன்று உண்டு. அது கிழக்காசியாவில் உருவானது. சீனா 2000த்தில் கன்சோல் விற்பனையைத் தடை செய்தது. பெட்டியில் விற்ற கணினி கேமைத் திருட்டு சிடி விழுங்கியது. விற்க வழியில்லாத நிலையில் ஷான்டா நிறுவனம் 2001ல் கொரியாவிலிருந்து லெஜண்ட் ஆஃப் மிர் 2ஐக் கொண்டுவந்து, இணைய மையங்களில் முன்கட்டணக் கார்டு விற்றுப் பணம் குவித்தது. கொரியாவில் லினியேஜ் 1998லேயே பிசி பாங் எனப்படும் இணைய மையங்களில் இதைத் தொடங்கியிருந்தது. இங்கே கேம் வாங்குபவரின் வட்டில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. திருட என்ன இருக்கிறது? லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், ஃபோர்ட்நைட், இன்றைய மொபைல் கேம்களில் பல அந்த மரபின் வாரிசுகள். ஆனால் முற்றிலும் திருட முடியாத பொருள் முற்றிலும் சொந்தமாக்க முடியாத பொருளும் ஆகும். யூபிசாஃப்ட் தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாளாக ஆடக்கூடிய பகுதி அதில் நிறையவே இருந்தும், விலை கொடுத்து வாங்கிய அனைவரிடமிருந்தும் கேம் மறைந்தது. கணினிப் பதிப்பு, கன்சோல் பதிப்பு, டிஸ்க்கில் வாங்கியவர், இறக்கி வாங்கியவர் என்று அந்த இழப்பு பேதம் பார்க்கவில்லை.

கணினியா, கன்சோலா என்ற பழைய கேள்வி இங்கேதான் உருமாறுகிறது. 2013ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தொட வேண்டும், பழைய டிஸ்க்கை விற்கக் கட்டுப்பாடு உண்டு என்று அறிவித்து, மக்கள் கொதித்ததும் ஒரே மாதத்தில் பின்வாங்கியது. அன்று விரட்டப்பட்டது பிறகு மெதுவாக வேறு வழியில் வந்துவிட்டது. டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல்கள் இன்று சாதாரணம். 2025ன் ஸ்விட்ச் 2க்கு விற்கப்படும் பல கார்டுகளில் கேமே இல்லை, இறக்கிக்கொள்ளும் அனுமதி மட்டுமே இருக்கிறது. கன்சோல் தன் பழைய நல்ல குணத்தை, அதாவது செருகினால் ஓடும், நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம் என்பதை இழந்துவருகிறது. கணினியோ கன்சோலின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது: 2022ல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கன்சோல் போலிருக்கும் முழுக் கணினி; 2025ல் எக்ஸ்பாக்ஸ் பெயர் தாங்கிவந்த அசூஸ் கருவி உள்ளுக்குள் ஒரு விண்டோஸ் கணினி. அதோடு கன்சோலின் இறுக்கமும் பின்வாசல் வழியாகக் கணினிக்குள் வருகிறது. திருட்டுக்கு எதிராக அல்ல, ஏமாற்றி ஆடுபவர்களுக்கு எதிராக என்ற பெயரில். ரயட் நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட் 2020 முதல் விண்டோஸின் ஆழத்தில் இயங்குகிறது. பேட்டில்ஃபீல்ட் 6 கேமை ஆட, கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயக்கப்பட்டிருக்க வேண்டும். பலர் சேர்ந்து ஆடும் போட்டியில் ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க இது தேவை என்பதை மறுக்க முடியாது. தனியாளாக ஆடும் கதை கேமுக்கும் அதே இறுக்கம் பரவினால் கணினிக்கென்று மிஞ்சியிருக்கும் தனிச்சிறப்பு போய்விடும். பழையதைத் திறந்து பழுதுபார்த்து இன்றும் ஓட்டலாம் என்பதே அந்தச் சிறப்பு. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் கணக்கிட்டது. அவற்றை உயிரோடு வைத்திருப்பவை பெரும்பாலும் கணினியில் ஓடும் எமுலேட்டர்களும் பூட்டைக் கழற்றிய ஆர்வலர்களின் உழைப்பும்தான்.

எனவே பூட்டுக்கு எழுதப்பட்ட ஆயுள் வேண்டும் என்பதே என் தரப்பு. வெளியான நாளிலிருந்து 12 வாரம். வேண்டுமானால் தாராளமாக ஓராண்டு. அதற்குப் பின் அதை நீக்கும் பொறுப்பை நிறுவனம் பூட்டை வாங்கும்போதே ஏற்க வேண்டும். நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்ல முடியாது. பலரும் சத்தமில்லாமல் செய்வதுதான் இது. டூம் 2016 மே மாதம் வந்து அதே டிசம்பரில் டெனுவோவை உதறியது. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜிலிருந்து 2023ல் கேப்காம் அதை நீக்கியது. எதிர்த்திசைக்கும் அதே நிறுவனம் சான்று தருகிறது: 2024 ஜனவரியில், ஆண்டுகள் பல கடந்த ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ் கேமுக்குப் புதிதாக ஒரு பூட்டைப் போட்டு, கேம் கெட்டுப்போனதால் உடனே திரும்பப் பெற்றது. பூட்டு நீங்கும் நாள் முன்பே தெரிந்தால் எல்லாரும் காத்திருந்து திருடுவார்களே என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் காத்திருக்கக்கூடியவர் ஏற்கெனவே காத்திருக்கிறார், கோடைத் தள்ளுபடிக்காக. முதல் வார வாங்குநரை இழுப்பது பொறுமையின்மை, அதற்கு எந்தத் தேதியும் மருந்தல்ல. நிறுவனமே மூடப்பட்டால் யார் நீக்குவது என்பது அடுத்த கேள்வி. பூட்டை விற்கும் நிறுவனமே காலாவதியையும் அதற்குள் எழுதிவைப்பது நிரலாளர்களுக்குப் புதிய வித்தையல்ல. சர்வரில் வாழும் கேம்களுக்கு இது போதாது. தி க்ரூ மறைந்த பின் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் அவற்றுக்காகக் கேட்பதும் இதே திசையில்தான்: சர்வரை நிறுத்தும்போது ஆடக்கூடிய ஒரு நிலையில் கேமை விட்டுச்செல். ஐரோப்பியக் குடிமக்கள் முன்மொழிவாக அது 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைக் கடந்தது. கலிபோர்னியாவில் 2025 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, இணையக் கடைகள் தாங்கள் விற்பது பொருளையல்ல, உரிமத்தை என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்போடு, பூட்டு எந்தத் தேதியில் கழலும் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்ல அதே சட்டமன்றத்துக்கு ஒரு திருத்தம் போதும்.